ஆயிரம் கெஜத்தில் காற்று

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிஸ்லி என்ற கிராமத்தை ஒட்டி ஸ்டிக்கிள்டவுன் என்றொரு சுடுகளம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் அங்கே கூடுகிறவர்கள் தரையில் குப்புறப் படுத்து, ஒரு வாரை மேற்கையில் மாட்டிக்கொண்டு, தொலைநோக்கி பொருத்தாத துப்பாக்கியால் 1,000 கெஜம் தள்ளி நிற்கும் இலக்கைச் சுடுகிறார்கள். 1,000 கெஜம் என்பது 914 மீட்டர். இலக்கின் நடுவட்டம் ஏறத்தாழ இரண்டடி விட்டம். துப்பாக்கியைத் தாங்கக் கவையோ மணல் மூட்டையோ கிடையாது. இரண்டு முழங்கைகளும் அந்த வாரும்தான் தாங்கல்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, "கை எவ்வளவு ஆடாமல் இருக்க வேண்டும்!" என்பதுதான். கை முக்கியம், சந்தேகமில்லை. ஆனால் நல்ல ஆசான் கிடைத்தால் கையை அடக்குவது ஓரிரு பருவங்களில் வசப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொண்டே இருப்பது வேறொன்றை. துப்பாக்கிக்கும் இலக்குக்கும் நடுவில் கிடக்கும் ஒரு கிலோமீட்டர் காற்று இந்த நொடியில் என்ன செய்கிறது, அடுத்த நொடியில் என்ன செய்யப்போகிறது என்பதை. நெடுந்தூரச் சுடுதலை நான் முதலில் ஓர் அளவீட்டு வேலையாகப் பார்க்கிறேன். புதிதாக வருகிறவரும் முதல் நாளிலிருந்தே அப்படிப் பார்க்கப் பழகினால் பல வருஷங்கள் மிச்சமாகும் என்பது என் திடமான எண்ணம்.

குண்டு போகும் வழியை முதலில் பார்த்துவிடுவோம். இந்தப் போட்டிகளில் வழக்கமாகப் பயன்படுவது .308 வின்செஸ்டர் என்ற தோட்டா. அதிலிருந்து புறப்படும் குண்டு 155 கிரெயின், அதாவது 10 கிராம். குழல்வாயை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர். காற்றே இல்லாத வெளியாக இருந்தால் இலக்கை எட்ட ஒரு வினாடிக்குச் சற்று மேல் போதும். உண்மையில் ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகிறது. முதல் 100 கெஜத்திலேயே வினாடிக்கு 60 மீட்டர் அளவு வேகம் குறைந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், காற்று அந்தக் குண்டைப் பின்னுக்கு இழுக்கும் விசை குண்டின் எடையைவிட ஐம்பது மடங்குக்கு மேல் வருகிறது. இலக்கைத் தொடும்போது வேகம் 400 மீட்டரை ஒட்டி வந்து நிற்கும்.

காற்றின் தடை இவ்வளவு பெரியதா என்று வியக்கத் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டு வரை பீரங்கிக்காரர்களும் கணித அறிஞர்கள் பலரும் இதைப் பொருட்படுத்தவில்லை. கலிலியோ வரைந்த பரவளையமே பீரங்கிக் குண்டின் பாதை என்று வைத்துக்கொண்டு அட்டவணைகள் போட்டார்கள். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742இல் வெளியிட்ட நூல் அந்த நம்பிக்கையை உடைத்தது. அவர் செய்தது எளிய சோதனை. கனமான மரக்கட்டை பதித்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதில் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் ஆடியது என்று அளந்தால் குண்டு மோதிய வேகம் கிடைத்துவிடும். ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டால் வழியில் எவ்வளவு வேகம் தொலைந்தது என்பதும் தெரிந்துவிடும். யாரும் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு தொலைந்திருந்தது. லெயோனார்டு ஆய்லர் அந்த நூலை 1745இல் ஜெர்மனில் பெயர்த்தார். தன் விளக்கங்களைச் சேர்த்து மூலத்தைவிடப் பெரியதாக்கினார். இன்று கைபேசியில் இருக்கும் எறிபாதைச் செயலிகள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த ஊசல்தான்.

இந்த ஒன்றரை வினாடியில் புவியீர்ப்பு குண்டை ஏறத்தாழ 10 மீட்டர் கீழே இறக்கிவிடும். மூன்று மாடி உயரம். ஆகவே குழலைச் சற்று மேல்நோக்கி வைத்துத்தான் சுட வேண்டும். குண்டு ஒரு வில்லாக எழும்பி, பாதி வழி தாண்டியபின் பார்வைக் கோட்டுக்கு 3 மீட்டர் அளவு மேலே போய், பிறகு இறங்குகிறது. இந்த இறக்கம் எவ்வளவு பெரிதானாலும் புதியவர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஈர்ப்பு மாறாது. இன்றைக்கு 10 மீட்டர் என்றால் நாளைக்கும் அதேதான். வெப்பம், காற்றழுத்தம் இவற்றால் சிறு திருத்தம் வரும், அவ்வளவே. துப்பாக்கியில் கண்ணருகே இருக்கும் பின்குறியை ஒருமுறை சரியாக உயர்த்தி, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டால் அடுத்த முறை அதிலிருந்து தொடங்கலாம்.

இங்கே ஓர் அளவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு கலை. சுடுகளத்தில் எல்லாக் கணக்கும் கலையில்தான். 100 கெஜத்தில் ஒரு கலை என்பது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். 1,000 கெஜத்தில் பத்தரை அங்குலத்தை ஒட்டி வரும். பின்குறியில் இருக்கும் திருகை ஒரு சொடுக்குத் திருப்பினால் கால் கலை நகரும். ஆக, 1,000 கெஜத்தில் ஒரு சொடுக்குக்கு ஆறேழு சென்டிமீட்டர். நடுவட்டம் இரண்டு கலை அகலம்.

இப்போது காற்றுக்கு வருவோம். பக்கவாட்டில் வீசும் காற்று குண்டை நகர்த்துகிறது என்பது யாருக்கும் தெரியும். எப்படி நகர்த்துகிறது என்பதைப் பலர் தவறாகவே நினைக்கிறார்கள். ஆற்று வெள்ளம் ஓடத்தை அடித்துக்கொண்டு போவதுபோல, காற்று ஒன்றரை வினாடி நேரமும் குண்டைத் தன் வேகத்தில் தூக்கிப்போவதில்லை. சுழன்று பறக்கும் குண்டின் மூக்கு, தன்னை எதிர்த்து வரும் காற்றோட்டத்தின் திசையை நோக்கி மிகச் சிறிதளவு திரும்பிக்கொள்கிறது. காற்றின் தடை இப்போது நேர் பின்னோக்கி இல்லாமல் இம்மியளவு பக்கவாட்டில் சாய்ந்து இழுக்கிறது. நாம் பார்த்த ஐம்பது மடங்குத் தடையின் அந்தச் சாய்ந்த பகுதிதான் குண்டைத் தள்ளுவது. தடையே இல்லாத குண்டைப் பக்கக் காற்று எதுவும் செய்ய முடியாது.

இதைச் சூத்திரமாக்கியதில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பீரங்கியியலாளர் டிடியோனின் பெயர் நிலைத்திருக்கிறது. காற்றில் ஆன நேரத்திலிருந்து, காற்றில்லா வெளியில் ஆகியிருக்கக்கூடிய நேரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது தாமதம். அந்தத் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். நம் குண்டுக்குத் தாமதம் அரை வினாடிக்குச் சற்று மேல். எனவே வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று குண்டை அரை மீட்டருக்குச் சற்று மேல் நகர்த்தும். நடுவட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை 30 சென்டிமீட்டர் அளவுதான். காற்றின் வேகத்தை வினாடிக்கு அரை மீட்டர் தப்பாக மதிப்பிட்டாலே, குறி துல்லியமாக இருந்தும் குண்டு விளிம்புக்குப் போய்விடும். வினாடிக்கு அரை மீட்டர் என்பது முகத்தில் பட்டால்கூட உணர முடியாத காற்று. புகை சாய்வதைப் பார்த்துத்தான் அது இருப்பதே தெரியும்.

இந்த ஒரு கணக்கில்தான் இந்த விளையாட்டின் முழுக் கடினமும் அடங்கியிருக்கிறது. 300 கெஜத்தில் அதே பிழை குண்டை இரண்டு சென்டிமீட்டர்தான் நகர்த்தும். அங்கே பிடியும் குறியுமே புள்ளியைத் தீர்மானிக்கின்றன. தூரம் மூன்று மடங்காகும்போது விலகல் பத்து மடங்குக்கும் மேலாகப் பெருகிவிடுகிறது. அதனால்தான் 300 கெஜத்தில் வெற்றி பெறுகிறவர் 1,000 கெஜத்தில் தடுமாறுவதும், சாதாரணப் பிடி உள்ள ஒருவர் நெடுந்தூரத்தில் மேலேறி வருவதும் நடக்கிறது.

திசையும் சேர்ந்துகொண்டால் சிக்கல் இன்னும் சுவையாகிறது. காற்றின் வேகத்தில் குறுக்கே விழும் பங்கு மட்டுமே கணக்கு. அது கோணத்தின் சைன் மதிப்பு. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நேர் குறுக்கே வீசும் காற்று பத்துப் பாகை திரும்பினால், குண்டின் இடம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் மாறும். அதே காற்று இலக்கிலிருந்து நேராக நம் முகத்தை நோக்கி வீசிக்கொண்டிருந்து பத்துப் பாகை திரும்பினால், குண்டு 35 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். நடுவட்டத்தை விட்டே வெளியே. சைன் வளைவு சுழியை ஒட்டித்தான் செங்குத்தாக ஏறுகிறது, தொண்ணூறு பாகையை ஒட்டிப் படுத்துவிடுகிறது. காற்றைக் காட்டக் களம் நெடுக நட்டிருக்கும் கொடிகள் விறைத்து நிற்கும் பலத்த குறுக்குக் காற்றைப் பார்த்துப் புதியவர் கலங்குகிறார். பழகியவரோ, எதிரிலிருந்து வந்து இடமும் வலமுமாக ஊசலாடும் மென்காற்றைக் கண்டுதான் எச்சரிக்கையாகிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த சைன் அட்டவணை இவ்வளவு நேரடியாகப் புள்ளிகளாக மாறும் இன்னொரு இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆயிரம் கெஜத்துக்கும் ஒரே காற்று வீசுவதுமில்லை. துப்பாக்கிக்கு அருகே வீசும் காற்று குண்டின் திசையையே ஆரம்பத்தில் மாற்றிவிடுகிறது. அந்தச் சிறு கோணம் மீதி வழி முழுக்க விரிந்துகொண்டே போகிறது. இலக்குக்கு அருகே வீசும் காற்றுக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. அதனால் பக்கத்துக் கொடிக்கு மதிப்பு அதிகம். ஆனால் நடுவழியில் குண்டு தரையிலிருந்து நன்றாக மேலே பறக்கிறது, மேலே போகப் போகக் காற்று வலுக்கிறது என்பதால் நடுக்கொடிகளையும் ஒதுக்க முடியாது. எந்தக் கொடிக்கு எவ்வளவு மதிப்பு என்பது களத்துக்குக் களம் மாறும். மரவரிசை, மேடு, பள்ளம் என ஒவ்வொன்றும் தன் கணக்கைச் சேர்க்கும். உள்ளூர்க்காரருக்கு வாய்ப்பு எப்போதும் ஒரு படி கூடுதலாக இருப்பது இதனால்தான்.

கொடி துணி, அது அசைந்து அடங்க நேரம் எடுக்கும். அதைவிட விரைவாகச் செய்தி சொல்வது கானல். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் வேறுபடுவதால் ஒளி வளைந்து வருகிறது. தாங்கியில் நிறுத்திய தொலைநோக்கி வழியே பார்த்தால் இலக்கின் முன்னே நீரோட்டம்போல் ஏதோ ஓடுவது தெரியும். அந்த ஓட்டத்தின் திசையே காற்றின் திசை. ஓட்டம் சாய்ந்து மெதுவாக நகர்ந்தால் மென்காற்று. தட்டையாகப் பாய்ந்தால் வலுத்த காற்று. நேர் மேலே கொதிப்பதுபோல் எழுந்தால் குறுக்குக் காற்று இல்லை. ஆனால் அது அடுத்த கணம் எந்தப் பக்கமும் சாயலாம் என்பதால் கொதிக்கும் கானலில் சுடாமல் காத்திருப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். தொலைநோக்கியை இலக்கில் குவிக்காமல், சற்று முன்னே, பாதி வழிக்கும் இலக்குக்கும் இடைப்பட்ட காற்றில் குவிப்பார்கள். இலக்கு கொஞ்சம் மங்கும், காற்று தெளியும். காற்று மிகவும் பலத்துவிட்டால் கானல் ஒரே பாய்ச்சலாகி அதன் வேக வேறுபாடுகள் தெரியாமல் போகும். அப்போது மீண்டும் கொடிகளே துணை.

இத்தனைக்கும் நடுவில் கண் என்ன பார்க்கிறது? மனிதக் கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு கலை. 1,000 கெஜத்தில் இரண்டு கலை அகல நடுவட்டத்தையும் அதைச் சுற்றிய கோடுகளையும் வெறுங்கண்ணால் பார்க்க வழியில்லை. தெரிவது, ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள கறுப்பு வட்டம், அதுவும் ஒரு புள்ளியாக. இங்கேதான் துளைக்குறியின் அழகு. கண்ணுக்கு அருகே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சிறு துளை; குழல் முனையில் ஒரு வளையம். அந்தச் சிறு துளை, ஊசித்துளைக் கேமராவைப்போல, அருகில் இருக்கும் வளையத்தையும் தொலைவில் இருக்கும் இலக்கையும் ஓரளவு ஒருசேரத் தெளிவாக்குகிறது. கண் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கறுப்புப் புள்ளியைச் சுற்றி வளையத்துக்குள் தெரியும் வெள்ளை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு பொருளைப் பிரித்தறிவதில் ஒரு கலையோடு நின்றுவிடும் கண், இரண்டு வட்டங்கள் ஒருமையமாக இருக்கின்றனவா என்று சொல்வதில் அதைவிடப் பல மடங்கு நுட்பமானது. கிட்டப்பார்வை உள்ளவர்களும் நடுத்தர வயதைக் கடந்தவர்களும் இந்த விளையாட்டில் முன்வரிசையில் இருக்க முடிவதற்குக் காரணம் இந்த ஒளியியல்தான்.

பிடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதைப் புத்தகத்திலிருந்து கற்க முடியாது, ஆள் பக்கத்தில் படுத்துக் காட்ட வேண்டும். அடிப்படை, தசையால் தாங்காமல் எலும்பால் தாங்குவது. இடக்கை முழங்கை தரையில். வார் மேற்கையிலிருந்து துப்பாக்கியின் முன்பகுதிக்கு இறுகி ஒரு முக்கோணமாக நிற்கும். தசை களைக்கும், எலும்பு களைக்காது. கனத்த மேலங்கியும் கையுறையும் நாடித்துடிப்பு வார் வழியே துப்பாக்கிக்கு ஏறாமல் தடுக்கின்றன. கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறக்கும்போது குறி தானாகவே இலக்கின் மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையால் தள்ளித் திருத்தக் கூடாது. முழங்கையை ஊன்றுகோலாக வைத்து முழு உடம்பையும் நகர்த்த வேண்டும். கையால் தள்ளி வைத்த குறி, விசை விடுபடும் கணத்தில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். குண்டு குழலுக்குள் இருப்பது ஓராயிரத்தில் ஒரு பங்கு வினாடியைச் சற்றே தாண்டும் நேரம்தான் என்றாலும், அந்தக் கணத்தில் தசைகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதை இலக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த விளையாட்டுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. பிரான்ஸ் படையெடுக்கும் என்ற அச்சம் பிரிட்டனில் பரவியிருந்த 1859இல் தேசிய ரைஃபிள் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் விம்பிள்டன் திடலில் முதல் போட்டி. தாங்கியில் பொருத்திய விட்வொர்த் துப்பாக்கியின் விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை விக்டோரியா அரசி இழுத்தார். 400 கெஜத்தில் குண்டு மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. போட்டி 1890இல் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. ஆளுவது அரசி என்றால் குவீன்ஸ் பிரைஸ், அரசர் என்றால் கிங்ஸ் பிரைஸ் என்று அழைக்கப்படும் முதன்மைப் பரிசுக்கு இறுதிச் சுற்றில் நூறு பேர் 900, 1,000 கெஜத் தூரங்களில் பதினைந்து பதினைந்து குண்டுகள் சுடுகிறார்கள். வென்றவரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் தூக்கிப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 1930இல் அந்த நாற்காலியில் ஏறியவர் மார்ஜரி ஃபாஸ்டர். வென்ற முதல் பெண். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. காமன்வெல்த் அணிகள் பிஸ்லியில் மோதும் கோலாப்பூர் கோப்பை, மராட்டியத்தின் கோலாப்பூர் அரசர் வழங்கியது. 1871 முதல் நடக்கிறது.

வரலாற்றில் புதியவருக்கு நேரடியாகப் பயன்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1874 செப்டம்பரில், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் களத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜங்களில் மோதின. அயர்லாந்துக்காரர்களிடம் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள். அமெரிக்கர்களிடம் பின்பக்கம் திறக்கும் புதுவகை. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் மில்னர் சுட்ட ஒரு குண்டு நடுவட்டத்தில்தான் பட்டது. ஆனால் பக்கத்து இலக்கின் நடுவட்டத்தில். அதற்குச் சுழி. அன்றைய கணக்கில் நடுவட்டத்துக்கு 4 புள்ளி. அது தன் இலக்கில் பட்டிருந்தால் அயர்லாந்து ஒரு புள்ளியில் வென்றிருக்கும். ஆயிரம் கெஜத்தில் வரிசையாக ஒரே மாதிரி நிற்கும் இலக்குகளில் தன்னுடையதை ஒவ்வொரு குண்டுக்கும் எண் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்றும் ஒவ்வொரு போட்டியிலும் யாராவது ஒருவர் பக்கத்து இலக்கைச் சுட்டுவிடுகிறார். அதற்கு இன்றும் சுழிதான்.

இனி, தொடங்குவது எப்படி? முதல் தவறு துப்பாக்கி வாங்கப் போவது. பிரிட்டனில் உள்துறை அங்கீகரித்த சங்கத்தில் சேர்ந்தால் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் சங்கத்தின் துப்பாக்கியையே பயன்படுத்தலாம். சொந்தத் துப்பாக்கிக்குக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். வீட்டில் எங்கே, எப்படிப் பூட்டி வைப்பார் என்பது வரை விசாரித்த பிறகே அது கிடைக்கும். இந்தக் காத்திருப்பு நல்லது என்றே நினைக்கிறேன். குழல் எந்த நேரத்திலும் எங்கே நோக்கியிருக்கிறது, அறையில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்ற கவனம் மூச்சு விடுவதைப்போல இயல்பாகும் வரை வேறு எதையும் கற்கத் தேவையில்லை. அதில் சமரசம் செய்கிறவரை எந்த நல்ல சங்கமும் வைத்துக்கொள்ளாது. இந்தியாவில் விளையாட்டுச் சுடுதல் பெரும்பாலும் 10 முதல் 50 மீட்டர் களங்களில் நடக்கிறது. 50 மீட்டரில் குப்புறப் படுத்து .22 துப்பாக்கியால் சுடும் போட்டியின் பிடி, வார், துளைக்குறி எல்லாம் நெடுந்தூரத்துக்கும் அப்படியே பொருந்தும். உலகெங்கும் நெடுந்தூரக்காரர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

பிறகு 300 கெஜம், 600 கெஜம் என்று ஏறலாம். அவசரப்பட்டு முதல் மாதத்திலேயே 1,000 கெஜத்துக்குப் போனால், தப்பிய குண்டுக்குக் கை காரணமா காற்று காரணமா என்று பிரிக்க முடியாது. எதையும் கற்றுக்கொள்ளாமல் தோட்டா மட்டும் தீரும். பணத்தைச் செலவிடும் வரிசையிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. முதலில் உடம்புக்குப் பொருந்தும் மேலங்கி, அடுத்து நல்ல தொலைநோக்கியும் தாங்கியும், கடைசியில்தான் துப்பாக்கி. சங்கத்தின் பழைய துப்பாக்கியும் பெரும்பாலும் புதியவரைவிடத் துல்லியமாகச் சுடும். பிஸ்லியின் பெரிய போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே தோட்டா வழங்கும் மரபு நெடுங்காலம் இருந்துவருவதில் ஒரு நியாயம் இருக்கிறது: பையில் இருக்கும் பணம் அல்ல, கண்ணும் கணிப்பும் மோத வேண்டும்.

முதுகோ முழங்கையோ வாரின் இறுக்கத்தைத் தாங்காதவர்களுக்கு எஃப் கிளாஸ் என்ற பிரிவு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குவர்சன் என்ற மூத்த வீரர் தொடங்கிவைத்தது; எஃப் அவருடைய பெயரின் முதலெழுத்து. அதில் முன்பகுதியைத் தாங்கியில் வைத்து, தொலைநோக்கிக் குறி பொருத்திச் சுடலாம். பிடியின் கஷ்டம் குறைவதற்கு ஈடாக நடுவட்டத்தையும் சிறிதாக்கிவிட்டார்கள். காற்றுக்கு மட்டும் எந்தச் சலுகையும் இல்லை.

புதியவர் இலக்குப் பள்ளத்தில் வேலை செய்வதைச் சுமையாக நினைக்கக் கூடாது. இலக்குக்குக் கீழே மண்மேட்டின் மறைவில் நின்று, ஒவ்வொரு குண்டுக்கும் சட்டத்தை இறக்கி, துளையில் அடையாள வட்டை மாட்டி, பழைய துளையை ஒட்டி, மீண்டும் ஏற்றுவார்கள். அங்கே நின்றால் குண்டு தலைக்கு மேலே சவுக்கடிபோல் வெடித்துக் கடப்பது முதலில் கேட்கும். சுட்ட இடத்து ஓசை ஒரு வினாடிக்கு மேல் கழித்துத்தான் வந்துசேரும், ஏனெனில் ஒலி 914 மீட்டரைக் கடக்க 2.7 வினாடி எடுக்கிறது. அந்த வெடிப்பு குண்டின் மூக்கிலிருந்து விரியும் அதிர்ச்சி அலை. எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்கரும் 1880களில் முதன்முதலாகப் படம்பிடித்தது அதைத்தான். வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது குண்டின் மேல் விசைகள் தாறுமாறாகி அது தள்ளாடக்கூடும். 155 கிரெயின் குண்டு இலக்கு வரை ஒலியை முந்தியே போகிறது என்பதால்தான் 1,000 கெஜத்துக்கு ஏற்றதாகிறது. இப்போது பல களங்களில் ஆள் இல்லாமல், ஒலிவாங்கிகள் அந்த அலை வந்துசேரும் நேர வேறுபாட்டை அளந்து துளையின் இடத்தைத் திரையில் காட்டிவிடுகின்றன. வேகமும் துல்லியமும் கூடியிருக்கின்றன. ஆனாலும் பள்ளத்தில் ஒரு பிற்பகல் நின்று, பல பேருடைய குண்டுகள் காற்று மாறும்போது ஒரே பக்கமாக நகர்வதைப் பார்த்தவருக்குக் கிடைக்கும் பாடம் திரையில் கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒன்றுசேர்ப்பது குறிப்பேடு. ஒவ்வொரு குண்டுக்கும் நான்கு விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: காற்றுக்கு எத்தனை கலை வைத்தேன்; விசை விடுபட்ட கணத்தில் குறி எங்கே இருந்தது; குண்டு எங்கே பட்டது; கொடியும் கானலும் எப்படி இருந்தன. இரண்டாவது மிக முக்கியம், அதையும் இலக்கில் அடையாளம் ஏறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். குறி நடுவில் இருந்தும் குண்டு வலப்பக்கம் ஒரு கலை தள்ளிப் போயிருந்தால் அந்த ஒரு கலை காற்றினுடையது, திருகைத் திருப்பலாம். குறியே வலப்பக்கம் சரிந்திருந்தால் திருகைத் தொடவே கூடாது. இந்த இரண்டையும் பிரிக்காதவர், தன் கையின் பிழையைக் காற்றின் தலையில் ஏற்றித் திருத்தி, அடுத்த குண்டை இன்னும் தூரம் அனுப்பிவிடுவார். வேகம் குறைந்த தோட்டா ஒன்று கலந்தால் குண்டு கீழே இறங்கும். வினாடிக்கு 10 மீட்டர் குறைவு என்றால் 1,000 கெஜத்தில் 20 சென்டிமீட்டர் அளவு. மேல்கீழ்ப் பரவல் தோட்டாவையும் பிடியையும், இடவலப் பரவல் காற்றையும் பெரும்பாலும் சுட்டுவதால், நன்றாக நிரப்பிய ஒரு பக்கம் எதைத் திருத்த வேண்டும் என்பதை நேரே காட்டிவிடும்.

பிஸ்லி வழக்கப்படி ஓர் இலக்கில் இருவரோ மூவரோ மாறி மாறிச் சுடுவார்கள். தன் முறை வந்ததும் 45 வினாடிக்குள் சுட வேண்டும். புள்ளிக்குச் சேராத இரண்டு முன்னோட்டக் குண்டுகள் உண்டு. நன்றாகப் பட்டால் அவற்றையே புள்ளியாக மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் படுத்திருப்பவர் சுடும் நேரம் ஓய்வு நேரமல்ல. அவர் விசையை அழுத்தும்போது கானல் எப்படி இருந்தது, அவருடைய குண்டு எங்கே போனது என்று பார்ப்பவருக்கு இலவசமாக ஒரு காற்றளவு கிடைக்கிறது. அணிப் போட்டிகளில் இந்த வேலைக்கே தனியாக ஒருவர் தொலைநோக்கியோடு பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லும் எண்ணைத் திருகில் வைத்து நல்ல குறியில் சுடுவது மட்டுமே சுடுபவரின் பொறுப்பு. தேர்ந்த காற்றுக் கணிப்பாளர் ஒருவருக்குப் பின்னால் அமர்ந்து, அவர் எண்ணைச் சொல்லும் முன் மனதுக்குள் தன் எண்ணைச் சொல்லி, இரண்டையும் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதி ஒப்பிடுவதற்குத் தோட்டாச் செலவு கிடையாது. எந்தச் சங்கத்திலும் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒரு பருவம் முழுவதும் இதைச் செய்தவர் 900 கெஜத்துக்கு முதன்முதலாகப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை.